லெபெலோவுக்கு ஒரு மாத்திரை

மாலிபுவோவின் குதிரைக்கும் 'அந்த' நோய் வந்துவிட்டதென்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ, தெரியாது. ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் சொன்னார்கள், ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் ஆண்கள் சொன்னார்கள். எங்கள் ஹா-க்வபானே ஊரில் வாய்க்கு வேலை கிடைத்தால் கைக்கு வேலை நின்றுவிடும். பேச்சு காதில் விழுந்ததும் மாலிபுவோ வீட்டுக்குள் போய் அழுதுகொண்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் குதிரையை ஊற்றடிக்கே நடத்திக்கொண்டு போனாள். எல்லோரும் பார்க்க, கோஸ் இலையில் சுருட்டிய மாத்திரையை அதன் வாயில் திணித்தாள். பிறகு போர்வைக்குள் கையை விட்டுத் தன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவளின் வாளியிலிருந்தே தண்ணீர் மொண்டு குடித்தாள்.

“பாத்தாச்சா? அதுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என்னுது எச்.ஐ.வி.க்கு. அதோடது குளம்புக்கு. இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க, முதுகுக்குப் பின்னாடி கேக்காதீங்க.”

பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். வாளிக்காரி மட்டும் மிச்சத் தண்ணீரைக் கொட்டலாமா வேண்டாமா என்று யோசித்தாள். மாலிபுவோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றதால் கொட்டாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த மாத்திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் பிறந்தவள், கல்யாணமாகி இந்தக் குளிர் மலைக்கு வந்தாள். புருஷன் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கடைசித் தடவை வந்தபோது ஒரு இருமலும், பெயர் சொல்லாத ஒரு நோயும், ஒரு இளங்குதிரையும் கொண்டுவந்தான். குதிரைக்கு லெபெலோ என்று பெயர் வைத்தான். எங்கள் பேச்சில் வேகம் என்று அர்த்தம். அடுத்த பனிக்காலம் தாண்டுவதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான்.

துக்கத்துக்குப் போட்ட கறுப்புத் துணியை அவள் கழற்றிய அன்றே கொழுந்தன் ராபித்சோ வந்து நின்றான். சாலையோரம் இறைச்சிக்கடை வைத்திருப்பவன். கையில் கயிறு.

“அண்ணி, குதிரைங்கறது ஆம்பளைங்க சமாச்சாரம். எங்கண்ணன் சொத்து எங்க வீட்டுக்குத்தான் வரணும்” என்றான்.

“நியாயந்தான். கூட்டிட்டுப் போ. உங்கண்ணன் எனக்குக் குடுத்துட்டுப் போன நோயையும் சேத்து எடுத்துட்டுப் போ. ரெண்டும் ஒரே வீட்டுச் சொத்துதானே?”

ராபித்சோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் தூக்கிப் போடவில்லை. அந்தக் கயிறு திரும்ப வரும்.

நோயை அவள் ஒளிக்கவில்லை என்பதாலேயே கிளினிக்கில் அவளை ஊர் சுகாதாரப் பணிக்கு எடுத்தார்கள். கிளினிக்கின் ஜீப் ஆற்றோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் ஊர்களுக்குப் போக ஆட்டுப்பாதைதான், லெபெலோதான். பனி கொட்டினாலும், ஆறு பெருகினாலும், பை நிறைய மாத்திரையோடு போவாள். லெபெலோ ஓடாது, குலுக்காது. முன்னும் பின்னுமாக ஒரு பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைத்து வழுக்கிக்கொண்டு போகும் நடை அதற்கு. கையில் தேநீர்க் கோப்பையோடு ஏறினால் சிந்தாமல் இறங்க முடியாது என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு.

வருஷங்கள் ஓடி, லெபெலோவுக்கும் வயசாகிவந்த நாளில், மேலூரில் அவளுக்கு வாய்த்த பெரிய தலைவலி ந்தாத்தே செகோன்யானா. ஆணை ந்தாத்தே என்றும் பெண்ணை ம்மே என்றும் கூப்பிடுவது எங்கள் மரியாதை. வயசானவர், காசநோய், கூடவே பிடிவாதம். மாத்திரையை வாங்குவார், தண்ணீர் குடிப்பார், “ம்” என்று தலையாட்டுவார். அவள் தலை மறைந்ததும் துப்புவார். ஒரு நாள் அவர் வீட்டுக் கோழி எதையோ கொத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

“வாயைத் திறங்க, ந்தாத்தே” என்றாள்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா ஒரு அடி போட்டுட்டுப் போயிருப்பேன். பெரியவங்களாப் போயிட்டீங்க. வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.”

“உன் புருஷன் எப்படிம்மா உன்கிட்ட குப்பை கொட்டினான்?”

“அவர்கிட்டயும் இப்படிச் சொல்லியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார். நாக்கைத் தூக்குங்க.”

மாதக்கணக்கில் இப்படியே. அவர் திட்டாத திட்டு இல்லை. மலையில் பாதிப் பேர் அதைக் கேட்பதற்காகவே அவர் வீட்டுப் பக்கம் வருவார்கள். ஆனால் மனுஷன் பிழைத்தார். சளியில் கிருமி இல்லை என்று சொன்ன அன்று ஆடு அடித்து, சோளக் கள் காய்ச்சி, ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தார். விருந்தாளியின் குதிரைக்கும் இலை போடுவது எங்கள் வழக்கம். இலை என்றால் இலை இல்லை, கள் வடித்த பிறகு தங்கும் சோளச் சக்கை. செகோன்யானா தன் கையாலேயே ஒரு பெரிய தொட்டி நிறையச் சக்கை கொண்டுவந்து லெபெலோவின் முன்னால் வைத்தார். பச்சைத் தானியத்தை அதிகம் தின்றால் குதிரைக்குக் கால் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சக்கைதானே, சத்தெல்லாம் கள்ளோடு போய்விட்டதே, வெறும் உமி என்ன செய்யும் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். மாலிபுவோவும் அப்படித்தான் நினைத்தாள். லெபெலோ தொட்டியை நக்கித் துடைத்தது.

மறுநாள் அது நகரவில்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டு, சாய்ந்து நின்றது. குளம்பைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. உள்ளே நாடி அடிப்பது கைக்குத் தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் உடம்பெல்லாம் நடுங்கியது. மாலிபுவோ பயந்துபோனாள். புருஷன் சாகக் கிடந்தபோதுகூட அவளுக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. அப்போது என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது, இப்போது தெரியும்.

வேலிக்கு வெளியே ராபித்சோ. கையில் அதே கயிறு.

“என்ன அண்ணி, காலை நீட்டிட்டானா? விழுந்துட்டா கறி கெட்டிடும். நிக்கும்போதே சொன்னீங்கன்னா நல்ல விலை தருவேன்.”

“நீ முதல்ல உன் கடைல இருக்கற கறிய கெடாமப் பாத்துக்க. ஊர்ல ஈயெல்லாம் அங்கதான் குடியிருக்கு.”

அவனை அனுப்பிவிட்டுத்தான் அழுதாள். பிறகு குதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு நகர்த்தி, பனி உருகி வரும் தண்ணீரில் நிறுத்தினாள். தானும் முழங்கால் அளவு தண்ணீரில் அதோடு நின்றாள். பல நாள் அப்படி நிறுத்தி, வெறும் காய்ந்த புல் போட்டு, எப்படியோ எழுப்பிவிட்டாள். மேலூர்களுக்கு நடந்தே போனாள்.

லெபெலோ தேறிய பிறகு செகோன்யானாவிடம் நேராகவே சொன்னாள். “உங்க நன்றிதான் அதோட காலை வாரிடுச்சு, ந்தாத்தே. இனிமே அதுக்கு எதுவும் வைக்காதீங்க.” கிழவருக்கு முகம் கறுத்துவிட்டது. “என் வீட்டுச் சக்கை விஷமா?” என்று கேட்டார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் அந்தப் பக்கம் போனால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவளுக்கு அது உறுத்தியது. ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

அந்தக் கோடையில் இன்னொரு கூத்து. மற்றக் குதிரைகளெல்லாம் குளிர்கால மயிரை உதிர்த்துப் பளபளவென்று திரிய, லெபெலோவுக்கு மட்டும் உதிரவே இல்லை. கம்பளியாகச் சுருண்டு தொங்கியது. மயிர் கத்தரிக்கும் கொட்டகைப் பக்கம் போனபோது உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான்.

“ம்மே மாலிபுவோ! உங்க செம்மறியை வரிசையில நிறுத்துங்க!”

கொட்டகையே சிரித்தது. அவள் இறங்கினாள். கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையை உள்ளேயே கொண்டுவந்து, ஆடுகளுக்கு நடுவே வரிசையில் நிறுத்தினாள்.

“நிறுத்தியாச்சு. கத்தரி.”

“ஐயோ, சும்மா விளையாட்டுக்கு...”

“எனக்கு விளையாட நேரமில்ல. வெயில்ல அது வேத்து ஊத்துது. நீதானே கூப்பிட்ட? எடு கத்தரியை.”

கத்தரித்தான். மூட்டை மயிர் விழுந்தது. சிரித்தவர்களே கடைசியில் வால்பக்கம் கோணலாக இருக்கிறதென்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

மாவட்டக் குதிரைப் பந்தயத்துக்கு எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா வருவார். பந்தயக் குதிரைகளை மட்டும் பார்க்க வந்த அந்த அம்மாளை மாலிபுவோ வழிமறித்து, லெபெலோவைப் பார்க்க வைத்தாள். மறுபடி வளரத் தொடங்கியிருந்த மயிரை டாக்டரம்மா கோதிப் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். உதிராத மயிரும் காலைப் பிடிக்கும் நோயும் ஒரே வேரிலிருந்து வருகிறது, வயசான குதிரைகளுக்குத் தலைக்குள் ஒரு சுரப்பி கெட்டுப்போவதால் வருவது என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு போய் உறுதி செய்தார். அதற்கு மாத்திரை உண்டு, கடல் தாண்டி வர வேண்டும், சொன்னால் வரவழைத்துத் தருவேன் என்று தகவல் அனுப்பினார்.

மோஹேர் கம்பளிக்காக வளர்த்த ஆடு ஒன்றை விற்றுவிட்டு மாலிபுவோ கிளம்பினாள். மலையிலிருந்து ஒரு நாள் வேன் பயணம், பிறகு எல்லைப் பாலத்தில் வரிசை. டாக்டரம்மா டப்பாவைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

“இது வராமத் தடுக்கற மருந்து. வந்தப்புறம் காப்பாத்தற மருந்து இல்ல. புரியுதா? தினமும் குடுக்கணும், சாகற வரைக்கும்.”

“அது எனக்குப் பழக்கந்தான். நானும் அந்த மாதிரி ஒண்ணு முழுங்கறேன்” என்றாள் மாலிபுவோ.

டாக்டரம்மா டப்பாமேலிருந்து கையை எடுத்தார். “அப்ப உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். சோளம், சக்கை, ஒரு பிடிகூடக் கூடாது. இன்னொரு தடவை அதுக்குக் கால் பிடிச்சுக்கிச்சுன்னா எலும்பு குளம்பைக் கிழிச்சிட்டு இறங்கிடும். அப்புறம் மாத்திரை இல்ல, துப்பாக்கிதான்.”

திரும்பி வரும்போது பாலத்தில் காவலன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாருக்கும்மா இது?”

“என் குதிரைக்கு.”

“குதிரைக்கு வெளிநாட்டு மாத்திரையா? எங்கம்மாவுக்கே தலைவலின்னா நான் வெந்நீர்தான் குடுக்கறேன்.”

“உங்கம்மா யாரையாவது முதுகுல ஏத்திட்டு மலையேறுவாங்களா? ஏறினா அவங்களுக்கும் வாங்கித் தரலாம்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் முத்திரையை ஓங்கிக் குத்தினான்.

வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையைக் கொடுத்தாள். லெபெலோ தின்றது, மென்றது, தலையை ஆட்டியது. அவள் திரும்பியதும் பொத்தென்று ஒரு சத்தம். மாத்திரை மண்ணில் கிடந்தது. கோஸ் இலையை மட்டும் தின்றிருக்கிறது. மாலிபுவோ இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தாள். “அடப்பாவி, நீயும் செகோன்யானா ஜாதிதானா?” அன்றிலிருந்து கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதை விடுவாள்.

குளிர்காலம் போனது. அடுத்த கோடையில் மயிர் தானாக உதிர்ந்தது. லெபெலோ வழுக்கும் நடையோடு மேலூர் ஏறியது. அப்போதுதான், நாங்கள் மொரேனா என்று கூப்பிடும் ஊர்த்தலைவர் க்வபானே தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தார்.

பெண் மேலூர்ப் பெண். அவளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவர, குலுக்காத குதிரை வேண்டுமென்று தலைவர் லெபெலோவைக் கேட்டார். மாலிபுவோ கடிவாளத்தைத் தானே பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். பெண்ணின் தலையில் போர்த்திய போர்வையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. வாசலில் குலவைச் சத்தம், ஆட்டம், கள் மணம். தலைவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஆள் விட்டு, ஒரு தொட்டி நிறையச் சக்கை கொண்டுவரச் சொன்னார். அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து லெபெலோவின் மூக்கடியில் வைத்தார். குதிரை கழுத்தை நீட்டியது. மாலிபுவோ கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தாள்.

“மன்னிக்கணும், மொரேனா. இது சாப்பிடாது.”

குலவை நின்றது.

“என் மருமகளைச் சுமந்துட்டு வந்த குதிரை” என்றார் தலைவர். “என் வாசல்ல இருந்து வெறும் வாயோட போனா ஊர் என்னை என்ன சொல்லும்?”

“தின்னா இது செத்துடும், மொரேனா. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

ராபித்சோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். “தலைவர் வீட்டுச் சக்கை அண்ணியோட குதிரைக்கு இறங்காதாம்! வெளிநாட்டு மாத்திரைன்னாதான் இறங்குமாம்!”

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் தலைவரின் முகம் மாறியது. எங்கள் ஊரில் எந்த மேய்ச்சலை யாருக்கு, எப்போது திறப்பது என்று சொல்கிறவர் அவர். அவர் முகம் சுளித்தால் அந்தக் குளிர்காலத்துக்குக் காய்ந்த புல்லும் கிடையாது. இது மாலிபுவோவுக்குத் தெரியும். சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும். கொஞ்சூண்டு தின்னட்டுமே, ஒரு வாய்தானே என்று பக்கத்தில் ஒருத்தி கிசுகிசுத்தாள்.

“வச்சதைத் திருப்பி எடுக்கற பழக்கம் இந்த வீட்ல கிடையாது” என்றார் தலைவர். “இந்தத் தொட்டி காலியாகணும். அப்புறந்தான் இந்தக் குதிரை என் வாசலைத் தாண்டும்.”

“காலியாகணும். அவ்வளவுதானே, மொரேனா?”

கடிவாளத்தை வேலிக் கம்பில் கட்டினாள். போர்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் சக்கையை அள்ளி வாயில் போட்டு மென்றாள். புளிப்பு தொண்டையைப் பிடித்தது, உமி பல்லில் சிக்கியது. முகத்தைச் சுளிக்கவில்லை. அடுத்த கை அள்ளினாள். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை, சாப்பிடு என்று சொல்லவும் முடியவில்லை. தொட்டியோ பெரிய தொட்டி. அவள் தின்னத் தின்ன அது குறைந்த மாதிரியே தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தடியூன்றி ஒருவர் வந்தார். செகோன்யானா. பெண் வீட்டு ஆட்களோடு மலையிறங்கி வந்தவர். அவளோடு பேச்சை விட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, அவளை மேலிருந்து பார்த்தார்.

“வாயைத் திற” என்றார்.

மாலிபுவோ நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறையச் சக்கை. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

“நாக்கைத் தூக்கு.”

தூக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. புளிப்பினால் வந்த தண்ணீர் இல்லை.

கிழவர் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து தலைவரிடம் உரக்கச் சொன்னார். “முழுங்கிட்டா, மொரேனா. ஒரு உமிகூட ஒளிச்சு வைக்கல. இதுல என்னை யாரும் ஏமாத்த முடியாது, எல்லாத் திருட்டு வேலையும் நானே செஞ்சு பாத்தவன்.”

சிரிப்பு எங்கே தொடங்கியதென்று தெரியவில்லை. மேலூர்க்காரர்கள் பக்கம் வெடித்து, சமையல் பக்கம் போய், மணப்பெண் போர்வைக்குள்ளேயே குலுங்கினாள். செகோன்யானா சிரிக்கவில்லை. தடியைக் கீழே வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தள்ளு. போன தடவை வச்சது என் கை. இந்தத் தடவை தின்னவும் என் கைக்கு உரிமை இருக்கு.”

“உங்களுக்கு வயிறு தாங்காது, ந்தாத்தே.”

“உன் மாத்திரையையே தாங்கின வயிறும்மா இது.”

அள்ளித் தின்றார். பிறகு மேலூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், காசநோய் மாத்திரை தின்ற இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஊற்றடியில் அன்று வாளியோடு நின்றவள் வந்தாள். மாலிபுவோ கை விட்ட அதே தொட்டியில் கையை விட்டாள். தலைவர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியதை நாங்களெல்லோரும் பார்த்தோம். ராபித்சோ எப்போது நழுவினான் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

தொட்டியின் அடி தெரிந்ததும் மாலிபுவோ எழுந்தாள். தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துத் தலைவரிடம் காட்டினாள். போர்வைக்குள்ளிருந்து கோஸ் இலையை எடுத்து, லெபெலோவுக்கு அன்றைய மாத்திரையைக் கொடுத்து, கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். தன்னுடையதையும் விழுங்கினாள். பிறகு கடிவாளத்தை அவிழ்த்து, நாலு காலும் நன்றாக இருந்த குதிரையைத் தலைவரின் வாசலைத் தாண்டி நடத்திக்கொண்டு போனாள்.